லைமன் டிரேப்பர் அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய டிரேப்பர் அவர்களுக்கு,

என் மருமகளின் முன்னோர் வர்ஜீனியாவிலிருந்து கம்பர்லண்ட் கணவாயைக் கடந்து கென்டக்கியில் குடியேறியவர்கள். பேரனுக்காக அந்தத் தாய்வழியைத் தேடப் புகுந்த நான், எந்தப் பக்கம் போனாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்தக் குடியேறிகளின் நினைவுகளையும் தாள்களையும் தேடிச் சேகரித்த தாங்கள் முன்பே வந்து போன இடத்தில்தான் போய் நிற்கிறேன்.

1790, 1800 ஆகிய இரு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலும் கென்டக்கிக்குரிய ஏடுகள் அழிந்துவிட்டன. அதன் பின்னும் 1850 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவியும் மக்களும் வெறும் எண்ணிக்கை. ஆகவே வரிப் பட்டியலையும் நிலப் பத்திரத்தையும்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. 1779-ஆம் ஆண்டின் வர்ஜீனிய நிலச் சட்டம், 1778-க்கு முன் வந்து குடியேறியவர்களுக்கு 400 ஏக்கர் வரை உரிமை தந்தது. மரத்தையும் ஓடையையும் அடையாளமாக வைத்து எல்லை குறித்ததால் ஒருவர் நிலத்தின் மேல் இன்னொருவர் நிலம் ஏறி, தலைமுறைக் கணக்கில் வழக்கு நடந்தது. அவர்களுக்கு அது நாசம், எனக்கோ புதையல்: யார் முதலில் குடிசை போட்டார், யார் சோளம் விதைத்தார் என்று அண்டை வீட்டார் சொன்ன சாட்சியமெல்லாம் நீதிமன்றக் கட்டுகளில் இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போரில் கணவர் செய்த சேவைக்காக ஓய்வூதியம் கேட்ட விதவைகள் சிலர், திருமணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளின் ஏட்டையே கிழித்து மனுவோடு அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் அதிகாரிகள் கேட்காததைத் தாங்கள் கேட்டீர்கள். 1851-இல் மிசூரிக்குப் போய், கென்டக்கிக்கு வழி திறந்த முன்னோடி டேனியல் பூனின் மகன் நேதனிடம் மட்டுமின்றி அவர் மனைவி ஆலிவிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டீர்கள். பூனின் வரலாற்றைத் தாங்கள் முடிக்காமலே போனதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. முடித்திருந்தால் ஒரு நூல் கிடைத்திருக்கும். இப்போதோ தாங்கள் சேகரித்த கையெழுத்துத் தாள்கள் விஸ்கான்சினில் 491 தொகுதிகளாக இருக்கின்றன. முதியவர்களின் நினைவு ஆண்டுகளைக் குழப்பும் என்பதால், அவர்கள் சொன்னதை வரிப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் ஏற்கிறேன்.

ஒரு மனக்குறை மட்டும் உண்டு. கென்டக்கியின் எஸ்டில் குடியிருப்பில் வெடிமருந்து செய்த அடிமை மங்க் எஸ்டில், பூர்வகுடியினரோடு நடந்த 1782-ஆம் ஆண்டுச் சண்டைக்குப் பின் விடுதலை பெற்றதால் அவர் பெயர் நிலைத்தது. அவரைப் போல் அடிமையாகக் கொண்டுவரப்பட்ட மற்றவர்கள், 1850-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியலிலும் உடைமையாளரின் பெயருக்குக் கீழே பெரும்பாலும் வயதும் பாலினமுமாகவே நிற்கிறார்கள். மருமகளின் முன்னோர் ஒருவரின் பெயருக்குக் கீழேயும் அப்படி மூன்று வரிகள் உள்ளன. பேரனுக்காக வரையும் வம்சாவளித் தாளில் அந்த மூன்று வரிகளையும், பெயருக்கு இடம் விட்டு, எழுதி வைத்திருக்கிறேன்.

பணிவுடன்,
தங்கள் வாசகன்