கண்ணாடி பூசிய போனும் சின்னம்மாவின் பெருவிரலும்

கோண்டாவில்,
2025 கார்த்திகை 14

அன்புள்ள மச்சான்,

நலம். நீயும் வீட்டாரும் நலமாய் இருக்க நல்லூரான் துணை. இங்கே மழை தொடங்கிவிட்டது. கிணறு இரண்டு முழம் ஏறியிருக்கிறது. ஒழுங்கையில் வெள்ளம் நிற்பதால் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு மூன்று நாளாக நடைதான். முழங்கால் பழையபடிதான். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இரண்டு பேருக்கும் விடிந்துவிடும், விடு.

உன் கடிதத்தில் பாதி உன் மகள் ஐபோனின் புதிய கோலத்தைத் திட்டிய கதை. 'அங்கேயும் ஆக்கள் இதுக்காகச் சண்டை பிடிக்கினமோ' என்று கேட்டிருந்தாய். பிடிக்கினம் மச்சான், வடிவாகப் பிடிக்கினம். உன்னிடம் இருக்கும் எக்ஸ்ஆர் போனுக்கு இது வராது. ஐபோன் 11-க்கு முந்தியவற்றை இந்த முறை கழித்துவிட்டார்கள். பழசாகிப் போனதால் தப்பித்த ஒரே ஆள் நீதான்.

திருவிழாவுக்கு வந்த என் மகள் தன் பழைய ஐபோன் 12-ஐ எனக்கு விட்டுப் போனது உனக்குத் தெரியும். புரட்டாசி நடுவில் ஒருநாள் விடியப் பார்க்கிறேன், திரை முழுக்கக் கண்ணாடி. ஐகன் ஒவ்வொன்றும் வாயில் போட்டுச் சூப்பி எடுத்த தோடம்பழ இனிப்புப் போல மினுங்குகிறது. பொத்தானுக்குள்ளால் பின்னால் இருக்கும் படம் தெரிகிறது. பேரப்பிள்ளையின் படத்தைத் திரையில் வைத்திருந்தேனா, அவனுடைய கன்னத்தின் மேல் எழுத்து மிதக்கிறது. முதலில் என் கண்ணில்தான் பிழை என்று நினைத்து மூக்குக்கண்ணாடியைச் சாரத்தில் துடைத்தேன்.

என் போட்டோக்கொப்பிக் கடைக்கு வந்த மருமகன்தான் விளக்கினான். அவன் கஸ்தூரியார் வீதியில் போன் திருத்துகிறான் அல்லவா, அந்தக் கிழமை முழுக்க அவனுக்கு இதே சோலிதான். ஆப்பிள்காரர் ஆனி மாதம் 9-ஆம் திகதியே இதை அறிவித்துவிட்டார்களாம். பெயர் லிக்விட் கிளாஸ். போன், கைக்கடிகாரம், கொம்பியூட்டர், ரீவி எல்லாவற்றுக்கும் ஒரே முகம். ஐபோனை ஓட்டும் மென்பொருளான ஐஓஎஸ்-இல் 18-க்குப் பிறகு 19 வரவில்லை, நேரே 26. எல்லாவற்றுக்கும் ஆண்டை ஒட்டி ஒரே இலக்கம் என்று முடிவெடுத்தார்களாம். தலையில் மாட்டிக்கொள்ளும் அந்த விஷன் புரோவில் இருந்துதான் இந்தக் கண்ணாடிச் சாயல் இறங்கி வந்தது என்றான். அங்கே சரி, கண்ணுக்கு முன்னால் வீடு வாசல் தெரிய வேண்டும், பொத்தானும் தெரிய வேண்டும். கையில் பிடிக்கிற போனுக்குப் பின்னால் எனக்கு என்ன தெரிய வேண்டும்?

அறிவித்த அன்றே உலகம் இரண்டாகப் பிரிந்துவிட்டதாம். 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவின் கண்ணாடிச் சட்டங்களைப் பக்கத்தில் வைத்து ஒரு கூட்டம் சிரித்தது. எழுத்து வாசிக்க ஏலாது என்று இன்னொரு கூட்டம். வெள்ளோட்டப் பதிப்புகளில் கொம்பனி கண்ணாடியைக் கொஞ்சம் மங்கலாக்கியது. அடுத்ததில் இன்னும் மங்கல். உடனே 'எங்கட கண்ணாடியைக் கெடுத்துப்போட்டியள்' என்று மறுபக்கத்தால் கூச்சல். அதற்கடுத்த பதிப்பில் திரும்பத் தெளிவாக்கினார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கும் பொம்பிளை வீட்டுக்கும் நடுவில் நிற்கிற கலியாணத் தரகன் நிலைமை.

இதில் எனக்குச் சரியென்று படுவது வாசிப்புப் பற்றிய முறைப்பாடுதான். இணையத்தில் எழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது: சாதாரண எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளைக் கடதாசியில் கறுப்பு மை அடித்த எனக்கு இந்தக் கணக்கு நன்றாக விளங்கும். என் எழுத்துக்குக் கீழே என்ன வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், கடதாசி. கண்ணாடிப் பொத்தானுக்குக் கீழே என்ன வரும் என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. வெள்ளைக் கொக்கும் வரலாம், எருமையும் வரலாம்.

எல்லோரும் திட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கடைக்குப் போட்டோக்கொப்பி எடுக்க வந்த கம்பஸ் பெடியன் ஒருவன், 'அங்கிள், இதுதான் வடிவு' என்று பொத்தானை இழுத்து இழுத்துத் தண்ணீர்த் துளி போல அசைய வைத்துக் காட்டினான். எங்கள் பழைய கணக்கு வாத்தியாருக்கும் நல்ல சந்தோசம். பூட்டின திரையில் நேரத்தைத் தென்னைமரம் போல நீட்டி வைக்கலாம் என்று யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி போடாமலே மணி பார்க்கிறாராம். தள்ளாத வயதில் அவருக்கு வேறென்ன வேண்டும்.

மருமகனிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான்: 'தம்பி, பழையபடி ஆக்கித் தா.' அங்கேதான் கரைச்சல். புதியது வந்து சில கிழமைகளில் பழைய பதிப்புக்கு ஒப்பம் இடுவதைக் கொம்பனி நிறுத்திவிடும். ஒப்பம் இல்லாத பதிப்பைப் போன் ஏற்றுக்கொள்ளாது. காசு தருகிறோம் என்கிறார்களாம். காசை வாங்கி என்ன செய்வது என்று இவன் கேட்கிறான்.

இதைக் கேட்டபோதுதான் எனக்கு அச்சகம் நினைவுக்கு வந்தது. வண்ணார்பண்ணையில் நான் ஈய எழுத்துக் கோர்க்கும் கம்போசிற்றராய் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நீ வாசலில் வந்து நின்று மணி அடிப்பாய், ஞாபகமா? அப்போது 'லை', 'ளை', 'ணை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை போல மேலே வளைந்த எழுத்துகள். 'ணா', 'றா', 'னா'வும் சுழித்துக்கொண்டு போகும். ஒவ்வொன்றுக்கும் எழுத்துப் பெட்டியில், எங்கள் பேச்சில் கேஸில், தனிக் குழி. பெரியார் தன் பத்திரிகையில் 1930-களிலேயே மாற்றிப் போட்ட அந்த எழுத்துகளை, எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் ஆணையாக்கியது. 13 எழுத்துகள். எங்கள் அச்சகத்துக்கு அது வந்து சேர நாலைந்து வருடம் பிடித்தது. முதலாளி சென்னையில் இருந்து புதிய ஈய எழுத்துக் கொண்டுவந்து இறக்கிய அன்று போர்மன் ஐயா ஒரு எழுத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, 'தும்பிக்கையை வெட்டின யானை' என்றார். அன்றைக்கு அவர் தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

இரண்டு மாதம் என் கை பழைய 'லை' இருந்த குழிக்கே போனது. அங்கே இடைவெளிக் கட்டைகளைப் போட்டிருந்தார்கள். 'மலை' என்று கோர்க்கிற இடத்தில் 'ம'வுக்குப் பக்கத்தில் வெறுங்கட்டை வந்து நிற்கும். கண் பார்த்துத் திருத்த முந்திக் கை செய்துவிடும் மச்சான். அது என் கைதானா என்று சில நேரம் சந்தேகம் வரும். பிறகு ஒருநாள் பின்னேரம், எப்போது என்று தெரியாமல், சரியான குழிக்கே போகத் தொடங்கிவிட்டது.

ஆனால் அந்த மாற்றம் எங்கள் வேலையைக் குறைத்தது. 13 எழுத்துக்குத் தனி ஈயம் தேவைப்படவில்லை. அதைவிடப் பெரிய விசயம், அவ்வளவு முணுமுணுத்த போர்மன் ஐயாவே புதிய கேஸின் படத்தைக் கடதாசியில் வரைந்து சுவரில் ஒட்டினார். பழைய கேஸை ஒரு மாதம் பக்கத்திலேயே வைத்திருந்தார். அவசர வேலை வந்தால் அதில் செய்யலாம். அதைத்தான் இந்தப் போன்காரர்களிடம் நான் கேட்பேன். மாற்று, ஆனால் பழைய கேஸைக் கொஞ்ச நாள் பக்கத்தில் வை.

முழுக்கச் செய்யவில்லை என்றும் சொல்லமுடியாது. அழைப்புச் செயலியைப் பழைய அடுக்கிலேயே வைத்திருக்கலாம் என்று ஒரு தெரிவு விட்டிருக்கிறார்கள். இந்த மாதம் 3-ஆம் திகதி வந்த 26.1-இல், கண்ணாடி தெளிவாக வேண்டுமா, சாயம் ஏற்றியதாக வேண்டுமா என்று கேட்கிறது. அலாரத்தை நிறுத்தும் பெரிய பொத்தானில் நித்திரைக் கை தவறுதலாகப் படுகிறது என்று சனம் கத்தியதால், இப்போது அதை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். நான் சாயத்தைப் போட்டுவிட்டேன். அதோடு, பின்னால் இருப்பது ஊடாகத் தெரிவதைக் குறைக்கும் தெரிவு ஒன்று செற்றிங்ஸில் அணுகல் வசதிகளுக்குள் கிடக்கிறது. உன் மகளிடம் அதைச் சொல்லு. இப்போது என் பேரன் முகம் மறையாமல் எழுத்தும் தெரிகிறது.

2013 உனக்கு நினைவிருக்கிறதா? ஐஓஎஸ் 7 வந்த புரட்டாசி. ரொறொன்ரோவில் இருந்து அழைத்து, தோல் தையல், மரத் தட்டு, பச்சை மேசைத்துணி எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுச் சின்னப்பிள்ளை சோக்குக்கட்டியால் கீறின படம் போல ஆக்கிவிட்டார்கள் என்று அரை மணித்தியாலம் திட்டினாய். திரை முன்னும் பின்னும் பாய்வதில் தலைசுற்றுகிறது என்று அப்போது பலரும் சொன்னார்கள், பிறகு அசைவைக் குறைக்கும் வழியும் வந்தது. அதே ஐஓஎஸ் 7-இல்தான் ஐபோனுக்குள் தமிழ் விசைப்பலகையும் வந்தது, அஞ்சல், தமிழ் 99 என்ற இரண்டு தட்டச்சு முறைகளும். மலேசியாவின் முத்து நெடுமாறனின் கைவேலை. நீ எனக்குத் தமிழில் அனுப்பிய முதல் குறுஞ்செய்தி 'வேலைக்காகாத போன்' என்பதுதான். அதைத் தமிழில் திட்ட வைத்ததே அந்தப் போன்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இந்த முறை கண்ணாடிக்குள் அப்படி ஏதும் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் அகப்படவில்லை.

சரி, இனி சின்னம்மாவின் கதைக்கு வருகிறேன். அவருடையது ஐபோன் அல்ல, வேறொரு வகை. அந்தப் பெயர்களை விடு. ஆவணி மாதம் அவருடைய போனில் அழைப்பு எடுக்கும் திரை தானாக மாறிவிட்டது. யாரும் கேட்கவில்லை, ஒரு சொல் சொல்லவும் இல்லை. முந்தி மேலே இழுத்தால் எடுக்கும். இப்போது வலப்பக்கம் இழுக்க வேண்டும். கொழும்பில் இருக்கும் மகன் பொழுதுபட்டால் எடுப்பான். இரண்டு நாள் தொடர்ந்து பதில் இல்லை. பயந்துபோய் எனக்கு அழைத்தான். நான் சைக்கிளில் ஓடினேன். சின்னம்மா விறாந்தையில் போனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். 'இஞ்சை பார் தம்பி, நான் இழுக்கிறன், இழுக்கிறன், அது கேக்குதில்லை. ஆரோ என்ரை போனை மாத்திப்போட்டாங்கள்.' கண் புரை வெட்டி ஆறு மாதம். அழுதிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

நான் முற்றத்து மாமரத்தடியில் போய் நின்று என் போனில் இருந்து அழைத்தேன். சின்னம்மா விறாந்தையில் இருந்து எடுக்க வேண்டும். முதல் பத்துத் தரமும் பெருவிரல் மேலேதான் போனது. பிறகு நான், 'சின்னம்மா, அம்மியிலை தள்ளுற மாதிரி நினையுங்கோ, குழவியைப் பக்கவாட்டிலை' என்றேன். 'அம்மியை ஆரடா பக்கவாட்டிலை அரைக்கிறது' என்று எனக்கே பாடம் எடுத்தார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். திருநீறு பூசுகிற மாதிரி ஒரு இழுவை. எடுபட்டது. எட்டு அடி தூரத்தில் நின்று இரண்டு பேரும் போனில் 'ஹலோ' சொல்லிக்கொண்டோம். 'எப்பிடி இருக்கிறாய் தம்பி, சாப்பிட்டியோ' என்று கேட்டார். மரத்தடியில் நின்று 'ஓம் சின்னம்மா' என்றேன். படலைக்கு வெளியால் போன ஆள் எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

ஒரு மாதம் திருநீற்று முறையில் நன்றாக ஓடியது. பிறகு மருமகன் நல்ல மனதோடு போய், செற்றிங்ஸைத் துளாவி, இழுக்கவே தேவையில்லாமல் தொட்டாலே எடுக்கும்படி மாற்றிக்கொடுத்துவிட்டு வந்தான். அன்று பொழுதுபட எனக்கு அழைப்பு. 'தம்பி, ஆரடா திருப்பி என்ரை போனிலை கை வைச்சது?' அடுத்த நாள் காலையிலேயே அவன் போய் இழுக்கிற முறையையே திரும்ப வைத்துக் கொடுத்தான்.

தைப்பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். சந்தோசம். சொக்லேற் வேண்டாம், இங்கே எல்லோருக்கும் சீனி. சின்னம்மாவுக்காகப் பெரிய பொத்தான் வைத்த போன் ஏதும் அங்கே இருந்தால் விலையை மட்டும் கேட்டு எழுது. வாங்கிவிடாதே. அவரைக் கேளாமல் கொண்டுபோய்க் கொடுத்தால், பிறகு நீயும் நானும் அந்தப் படலையைத் திறக்க ஏலாது.

அன்புடன்,
உன் பழைய வாங்குக் கூட்டாளி