நூல்கண்டின் மேல் மூன்று விவரம்: தோல் சாமான் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பெரியமேட்டிலும் மற்ற ஊர்களிலும் தோல் வேலைக்கான சாமான் விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். நான் வீட்டில் உட்கார்ந்து கையால் தோல் தைப்பவன். பர்ஸ், பெல்ட், எப்போதாவது ஒரு தோள்பை. தோலும் பக்கிளும் பசையும் வாங்க அடிக்கடி பெரியமேட்டுக்கு வருவேன். தோலைப் பற்றி நீங்கள் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆவாரம் பட்டையில் பதனிட்டதா, குரோமியம் உப்பில் பதனிட்ட குரோம் தோலா, எத்தனை மில்லிமீட்டர் என்று விரலால் தடவியே சொல்லிவிடுவீர்கள். நூல் கேட்டால் மட்டும், “தோல் தைக்கிற நூல்தான், எடுத்துட்டுப் போங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் என் தம்பிக்கு, ஸ்குரூ டிரைவரும் கட்டிங் பிளேயரும் வைத்து இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு பை தைத்துக் கொடுத்தேன். கடை ஒன்றில் மெழுகு நூல் என்று கொடுத்ததை வைத்துத்தான் தைத்தேன். மழையும் வியர்வையும் பட்டு, ஒரே மழைக்காலத்தில் தையல் இற்றுப்போனது. தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே பருத்தி நூல். மேலே மெழுகு பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் பருத்தி நிற்காது. பருத்தி என்று கண்டின் மேல் ஒரு வார்த்தை இருந்திருந்தால் நான் அதை வாங்கியிருக்கவே மாட்டேன்.

மிஷின்காரர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகள் நூலின் நம்பரைச் சொல்லிப் பெட்டி பெட்டியாக வாங்கும். எங்கள் வேலை வேறு. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் இழுப்போம். குதிரைச் சேணம் தைத்தவர்களின் தையல் இது. மிஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் தோலுக்கு நடுவே கொக்கி போட்டதுபோல மாட்டிக்கொள்வதால், ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரும். கைத்தையலில் ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் இத்தனை மெனக்கெடுகிறோம். நூலே சரியில்லை என்றால் மணிக்கணக்காகச் செய்த வேலை வீண்.

ஆகவே கண்டின் மேல் மூன்று விவரம் எழுதி ஒட்டுங்கள்.

முதலில், எதனால் செய்த நூல். பாலியெஸ்டர் வெயிலையும் ஈரத்தையும் தாங்கும், அதிகம் நீளாது. நைலான் நல்ல வலு, ஆனால் இழுத்தால் நீளும், வெயிலில் கிடந்தால் பாலியெஸ்டரை விடச் சீக்கிரம் வலுவிழக்கும். பிசின் பூசிய மிஷின் நைலான் கையில் கம்பிச்சுருள் மாதிரி துள்ளும், முடிச்சும் வழுக்கும். லினன் நூலில் தேன்மெழுகு தேய்த்துத் தைத்தால் வரும் அழகு தனி, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் அதையும் ஈரத்திலேயே போட்டுவைக்கக் கூடாது. எரித்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். பருத்தியும் லினனும் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டரும் நைலானும் உருகி மணியாகத் திரளும். ஆனால் வாங்குகிறவர் கடை வாசலில் நின்று நூலைக் கொளுத்திப் பார்க்க வேண்டிய நிலை ஏன்?

அடுத்தது பருமன், மில்லிமீட்டரில். இப்போது ஒரு கண்டில் டெக்ஸ் எண், இன்னொன்றில் டிக்கெட் எண், பலவற்றில் ஒன்றுமே இல்லை. டெக்ஸ் என்பது 1000 மீட்டர் நூலின் எடை கிராமில். எண் கூடக் கூட நூல் தடிமன். டிக்கெட்டில் நேர் எதிர்: 20 நம்பர் தடிமன், 40 நம்பர் மெல்லிசு. புதிதாகக் கற்கிறவர் குழம்பாமல் என்ன செய்வார்? துளைக்குத் துளை 3 மில்லிமீட்டர் இடைவெளியில் தைக்கும் பர்ஸுக்குச் சுமார் 0.5 மில்லிமீட்டர் நூலும், 4 மில்லிமீட்டர் இடைவெளி வைக்கும் பெல்ட்டுக்குச் சுமார் 0.8 மில்லிமீட்டர் நூலும் எனக்குச் சரியாக வருகிறது. 1 மில்லிமீட்டர் நூலைச் சின்ன பர்ஸில் போட்டால் கோணி தைத்தது போல இருக்கும்.

மூன்றாவது, மெழுகு பூசியதா, முறுக்கு நூலா, பின்னல் நூலா என்பது. முறுக்கு நூல் தைக்கும்போதே பிரியக்கூடும். தட்டையான பின்னல் நூல் பிரியாது, ஆனால் தையல் வேறு மாதிரி படியும். இது விருப்பத்தைப் பொறுத்தது, தெரிந்து வாங்கினால் போதும்.

அப்புறம், அளவு. தைக்கும் நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் எங்களுக்கு வேண்டும். 60 சென்டிமீட்டர் தையல் உள்ள பர்ஸுக்கு இரண்டரை மீட்டர் போதும். 500 மீட்டர் கோனை வாங்கி நாங்கள் என்ன செய்வது? 20, 25 மீட்டராகச் சுற்றி அட்டையில் கொடுங்கள். மீட்டருக்கு விலை கொஞ்சம் கூடினாலும் தருகிறோம். நாலு பருமனில் நாலு துண்டை ஒரு அட்டையில் தைத்துக் கல்லாப் பக்கத்தில் மாட்டி வைத்தால் இன்னும் நல்லது. தொட்டுப் பார்த்தே தேர்ந்தெடுத்துவிடுவோம்.

அப்படி ஒரு அட்டையை நானே தைத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது கொண்டு வருகிறேன். தம்பியின் பையை 0.8 பாலியெஸ்டரில் மறுபடி தைக்க வேண்டியிருக்கிறது. 25 மீட்டர் கருப்பு வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளன்