படிக்க மட்டும் வரும் பக்கத்துக்கு நெக்ஸ்ட் ஜேஎஸ் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

செய்தித்தளமோ கல்லூரித் தளமோ, வேலை தொடங்கும்போதே ‘நெக்ஸ்ட் ஜேஎஸ்-இல் செய்துவிடலாம்’ என்று முடிவாகிவிடுகிறது. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் மேல் கட்டிய, இணையதளம் அமைக்க உதவும் ஃபிரேம்வொர்க் அது. பக்கத்தைச் சர்வரிலேயே தயாரித்து அனுப்புவது நல்லதுதான். ஆனால் வாசகர் படித்துவிட்டுப் போகும் பக்கத்துக்கு இந்த ஃபிரேம்வொர்க் வீண் சுமை என்பதே என் உறுதியான கருத்து.

நெக்ஸ்டும், அதே வகையைச் சேர்ந்த நக்ஸ்ட், ஸ்வெல்ட்கிட்டும் வழக்கமாகக் கட்டுரையை எச்டிஎம்எல்லாக ஒருமுறையும், ஹைட்ரேஷனுக்கான (வந்து சேர்ந்த பக்கத்தைப் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் இயங்கவைப்பதற்கான) தரவாக இன்னொரு முறையும் அனுப்புகின்றன. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘கொ’ என்ற ஓர் எழுத்துக்கே 6 பைட் ஆகும்; தரவை யூனிகோட் எஸ்கேப்பாக (எழுத்துக்குப் பதில் அதன் குறியீட்டு எண்ணாக) எழுதும் சர்வரானால் 12. கம்ப்ரஷன் டேட்டா செலவைக் குறைக்கும். விலை குறைந்த போன் அத்தனையையும் பிரித்துப் படிக்கும் வேலையைக் குறைக்காது. பிரவுசரில் ‘வியூ பேஜ் சோர்ஸ்’ திறந்து, கட்டுரையின் ஒரு வரியைத் தேடுங்கள். இரண்டு இடத்தில் அகப்பட்டால் இதுதான் காரணம்.

ஆஸ்ட்ரோ என்ற ஃபிரேம்வொர்க் நாம் கேட்காதவரை பிரவுசருக்கு ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பாது. லாராவெல், ஜாங்கோ போன்ற சர்வர் ஃபிரேம்வொர்க் தெரிந்த குழுவுக்கு அவற்றின் டெம்ப்ளேட்டே போதும். டாஷ்போர்டு, இருக்கை முன்பதிவு போல ஓயாமல் மாறும் திரைகளுக்கு நெக்ஸ்டும் நக்ஸ்டும் தகும்.

நெக்ஸ்டை எடுத்தால் தேதியில் கவனம் வேண்டும். சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரப்படி நள்ளிரவு முதல் காலை 5.30 வரை சர்வர் நேற்றைய தேதியையும் பிரவுசர் இன்றைய தேதியையும் எழுதும். ரியாக்ட் அந்தப் பகுதியைக் கலைத்துவிட்டு மறுபடி வரையும். புரோகிராமரின் லேப்டாப்பில் இரண்டுக்கும் ஒரே நேரம் என்பதால் பிழை கண்ணில் படாது. தேதியை வடிவமைக்கும் வரியிலேயே ‘ஏசியா/கொல்கத்தா’ என்ற டைம்சோனைக் கொடுத்துவிட்டால் தீரும்.

சொந்த சர்வரில் நெக்ஸ்டை இரண்டு பிரதிகளாக ஓட்டினால், சேமித்த பக்கங்கள் அந்தந்தப் பிரதியிடமே தங்கும். திருத்திய விலை ஒரு ரெஃப்ரெஷில் தெரியும், அடுத்ததில் பழையது வரும். ரெடிஸ் என்ற தரவுத்தளம் போன்ற பொது இடத்தில் கேஷை (அந்தச் சேமித்த பக்கங்களை) வைக்கும் ஹேண்ட்லரை எழுத வேண்டும். அந்த வேலையை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

லாகின் சோதனையை மிடில்வேரில் (கோரிக்கை பக்கத்தை எட்டுமுன் ஓடும் கோடில்) மட்டும் வைக்காதீர்கள். 2025 மார்ச்சில் வெளியான நெக்ஸ்ட் பாதுகாப்பு ஓட்டையில், கோரிக்கையோடு ஒரேயொரு ஹெடரைச் (கூடுதல் தகவல் வரியைச்) சேர்த்தே அந்தச் சோதனையைத் தாண்ட முடிந்தது. 15.2.3, 14.2.25 பதிப்புகளில் அடைத்துவிட்டார்கள். இருந்தாலும் தரவைப் படிக்கும் ஃபங்ஷனிலும் அதே சோதனை இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வெப் டெவலப்பர், கோயம்புத்தூர்