பழைய கார்வெட்டில் பவர் பிரேக்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். 1967 முதல் 1976 வரை வந்த கார்வெட் (செவ்ரோலே ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருப்பவர்கள் பலர், “பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வலிக்கிறது, பூஸ்டர் போட்டுத் தாருங்கள்” என்கிறீர்கள். எல்லா கார்வெட்டிலும் பவர் பிரேக் வந்தது 1977-இல்தான். அதற்கு முன் தனியாகப் பணம் கட்டிக் கேட்டவர்களுக்கு மட்டும் பொருத்தி அனுப்பினார்கள். உங்கள் வண்டியில் இல்லையென்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் பூஸ்டருக்குத் தெரிந்தது ஒரே வேலை: இன்ஜினின் வேக்குவத்தால் (காற்றை உறிஞ்சும் இழுவிசை) காலின் அழுத்தத்தைக் கூட்டுவது. காலிபர் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் இடுக்கி) கெட்டிருந்தால் அதைச் சரிசெய்யாது. அதனால்தான் பூஸ்டர் பெட்டியைப் பிரிக்கும் முன்பே நான்கு சக்கரத்தையும் கழற்றுகிறோம்.

இந்த வண்டியில் காலிபருக்கு நான்கு பிஸ்டன், மொத்தம் பதினாறு. பிஸ்டன் விட்டம் முன்னால் 1⅞ அங்குலம், பின்னால் 1⅜ அங்குலம். காலிபர் நகராது, பிஸ்டன்களின் பின்னால் உள்ள ஸ்பிரிங் உராய்வுக் கட்டையை (பேட்) எப்போதும் டிஸ்க்கோடு ஒட்டியே வைத்திருக்கும். டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டில் ஆடினால் பிஸ்டனும் சேர்ந்து உள்ளே வெளியே போய்வரும். பிஸ்டனைச் சுற்றியுள்ள பழைய ரக உதட்டு சீல் (ஓரம் உதடுபோல் இருக்கும் ரப்பர் வளையம்) பிரேக் ஆயிலை வெளியே விடாமல் பிடித்தாலும், இந்த ஆட்டத்தில் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாரா வாரம் ஏர் எடுத்தும் (லைனில் புகுந்த காற்றை வெளியேற்றியும்) பெடல் மறுபடி பஞ்சுபோல இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மாஸ்டர் சிலிண்டரை (மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளை) எத்தனை முறை மாற்றினாலும் தீராது.

எனவே சக்கர நட்டுகளால் டிஸ்க்கை இறுக்கிப் பிடித்து, டயல் கேஜ் வைத்து ஆட்டத்தை அளக்கிறோம். தொழிற்சாலை 0.005 அங்குலம் வரை அனுமதித்தது. நாங்கள் 0.002-க்கு மேல் விடுவதில்லை. கம்பெனியில் டிஸ்க்கை ஹப்போடு ரிவெட் அடித்து, சேர்த்தே கடைந்தார்கள். பின்னாளில் யாரோ ரிவெட்டைத் துளைத்துப் புது டிஸ்க் மாட்டியிருந்தால் ஆட்டம் பெரும்பாலும் கூடியிருக்கும். சாய்வான ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யலாம். டிஸ்க் புதிதில் 1.250 அங்குலத் தடிமன். 1.215-க்குக் கீழே தேய்ந்துவிட்டால் கடையாமல் மாற்றிவிடுங்கள்.

சாதாரண பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். வார்ப்பிரும்பு காலிபரின் உட்சுவரில் துருக்குழி விழும். குளிர்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற வண்டிகளில் இது சர்வசாதாரணம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் (உள்ளுறை) போட்ட காலிபரும் ஓ-ரிங் (உதட்டு சீலுக்குப் பதிலான வட்ட ரப்பர் வளையம்) பிஸ்டனும் வாங்குங்கள் என்று சொல்வது இதனால்தான். செலவு பூஸ்டரைவிட அதிகமாகலாம், ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் காலிபரைச் செய்யுங்கள்.

இனி பூஸ்டர். பெடல் தண்டில், தள்ளு கம்பியை மாட்ட இரண்டு துளைகள் உண்டு. சாதா பிரேக்குக்கு மேல் துளை, பவருக்குக் கீழ்த் துளை. மேலேயே விட்டுவிட்டால் பெடல் நீளமாக இறங்கும், தொட்டதும் பிடுங்கும். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டமும் 1 அங்குலத்திலிருந்து 1⅛ அங்குலமாக மாற வேண்டும். பழையதையே ஒட்டவைக்கச் சொல்லாதீர்கள்.

பூஸ்டரின் புஷ் ராடுக்கும் (முன்னே தள்ளும் கம்பி) மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவே 0.020 அங்குல இடைவெளி வேண்டும். ராட் நீளமாக இருந்தால் பிஸ்டன் முழுதாகப் பின்வராது, எண்ணெய் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும். சில மைல் ஓடியதும் சூடேறி நான்கு சக்கரமும் இறுகிப்பிடிக்கும். அப்படி ஆனால் மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். சக்கரம் விட்டுக்கொடுத்தால் கோளாறு ராட் நீளத்தில்தான்.

ஏர் எடுக்கும்போது பலர் தவறவிடுவது பின் காலிபரை. முன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு நிப்பிள் (காற்றை வெளியேற்றும் திருகு), பின்னால் ஒவ்வொன்றிலும் இரண்டு. உள்பக்கத்தை முடித்துவிட்டு வெளிப்பக்கம் வாருங்கள். வெளி நிப்பிளுக்குச் சக்கரம் கழற்றியே ஆக வேண்டும். சோம்பல்பட்டால் காற்று அங்கேயே தங்கும்.

பொருத்திய பிறகு, இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை மிதியுங்கள். பெடல் இறுகியதும் காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே போக வேண்டும். போகவில்லையென்றால் வேக்குவம் ஹோஸ், செக் வால்வு (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் அடைப்பான்), அதன்பின் பூஸ்டர் என்ற வரிசையில் பாருங்கள்.

ரேஸ் கேம் (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் பந்தய ரகத் தண்டு) போட்ட இன்ஜின் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மெதுவாக ஓடும்போது) வேக்குவம் 18 அங்குலப் பாதரசம் இருந்தால் நிம்மதி, 15-க்குக் கீழே இருந்தால் பூஸ்டர் சோர்ந்துவிடும். வேக்குவம் டாங்க் இருப்பதைச் சேமிக்கும், புதிதாக உண்டாக்காது. அத்தகைய வண்டிக்கு எலக்ட்ரிக் வேக்குவம் பம்ப்தான் வழி.

வண்டியைக் கொண்டுவரும் முன் ஐடில் வேக்குவம் அளவு, கேம் மாற்றப்பட்டதா, டிஸ்க் ரிவெட் இருக்கிறதா, உள்ளே சிலிக்கோன் பிரேக் ஆயில் ஊற்றியிருக்கிறதா என்ற நான்கையும் எழுதி அனுப்புங்கள். சிலிக்கோன் ஆயில் சாதாரண பிரேக் ஆயிலோடு கலக்காது. இருந்தால் முழு லைனையும் கழுவ வேண்டியிருக்கும், கூலியும் அதற்கேற்ப மாறும்.

இப்படிக்கு,
பட்டறையினர்