ஸ்டீயரிங் தண்டில் ஒட்டு வேலை வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய ஜீப்புகளை வாங்கிக் காட்டுப் பாதைக்கு ஏற்றபடி தாங்களே மாற்றியமைக்கும் நம் இளைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிற்றுப் பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கையில் கரி படிய வேலை கற்றுக்கொள்ளும் பிள்ளைகளைத் தேடிப் போய் எழுதியதற்கு நன்றி. ஆனால் ஒரு படத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. முன் சக்கரங்களுக்கு இடையே தெரிந்த தண்டின் நடுவில் ஒரு வெல்டிங் ஒட்டு இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் செந்தூல் ரயில்வே பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தங்கை மகனும் இப்படி ஒரு பழைய சுஸுகி எஸ்ஜே410 வைத்திருக்கிறான். 1997இல் நம் மலேசியாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற காட்டுப் பாதை வண்டிப் போட்டியின் படங்களைப் பார்த்தே வளர்ந்தவன். அச்சுக்கு அடியில் இருந்து வண்டியைத் தாங்கும் வில்பட்டைகளை (லீஃப் ஸ்பிரிங்) அச்சின் மேலே மாற்றினான். வண்டி 4, 5 அங்குலம் உயர்ந்தது. உயர்ந்த பிறகு, ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் தண்டின் நீளம் போதவில்லை. அதை நடுவில் அறுத்து, இடையில் ஒரு துண்டுத் தண்ணீர்க் குழாயைச் சொருகி, இரண்டு பக்கமும் வெல்டிங் வைத்துவிட்டான்.

பெந்தோங் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டு, காராக் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே மலையிறங்கி வந்திருக்கிறான். கோம்பாக்கில் ரொட்டி சானாய்க் கடை முன் வண்டியை நிறுத்தத் திருப்பியபோது தண்டு முறிந்தது. ஸ்டீயரிங் கையோடு சும்மா சுற்றியது. அரைமணி நேரம் முன்னதாக முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே என் தங்கைக்கு இன்றும் முடியவில்லை.

முறிந்த துண்டுகளை என்னிடம் கொண்டுவந்தான். முறிவு வெல்டிங்கில் இல்லை. அதை ஒட்டி, பழைய தண்டின் பக்கத்தில் இருந்தது. முறிந்த முகத்தில் முக்கால் பங்கு துருப்பிடித்துக் கருத்திருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் விரல் நகம் அகலத்துக்குப் புது வெள்ளியாக மின்னியது. கருத்த பாகம் என்றைக்கோ விரிசல் விட்டு, மழையும் சேறும் உள்ளே போன இடம். மின்னியது அன்று முறிந்த இடம். அந்த நகம் அகல இரும்பை நம்பித்தான் பிள்ளை மலையிறங்கியிருக்கிறான்.

காரணம் கடினமானதன்று. ஸ்டீயரிங் தண்டு கெட்டி எஃகு. அதை முன்கூட்டிச் சூடாக்காமல் வெல்டிங் வைத்தால், ஒட்டுக்குப் பக்கத்து இரும்பு சட்டென்று குளிர்ந்து கண்ணாடி போல விறைத்துவிடும். வெளியே ஒட்டு அழகாகத் தெரியும். விரிசல் பக்கத்தில் தொடங்கும். தண்ணீர்க் குழாயோ அதைவிட மோசம். மேலே பூசிய துத்தநாகம் சூட்டில் ஆவியாகி ஒட்டுக்குள் குமிழ்குமிழாக ஓட்டை விடும். அந்தப் புகையை முகர்ந்தவனுக்குக் காய்ச்சலும் வரும்.

வில்பட்டையை வீட்டில் மாற்றுகிறவர்களிடம் எனக்கு இவ்வளவு பயம் இல்லை. ஒரு பட்டை முறிந்தால் பெரும்பாலும் மற்றப் பட்டைகள் தாங்கும், வண்டி ஒரு பக்கம் சாயும், சத்தம் போடும், ஓட்டுகிறவனுக்கு நிறுத்த நேரம் கிடைக்கும். டிராக் லிங்க் ஒன்றே ஒன்று. அது போனால் அடுத்த நொடியில் வண்டி யாருடைய பேச்சையும் கேட்காது. வண்டியை உயர்த்தினால் ஸ்டீயரிங்கும் கெடும் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். தண்டு முன்பைவிட அதிகமாகச் சாய்ந்துவிடுவதால், சக்கரம் மேடு ஏறும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பும். இந்த சுஸுகியில் முன் ஷாக்கிளை, அதாவது வில்பட்டையின் முனையை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் துண்டை, நீளமாக்கினால் முன்னச்சின் பின்சாய்வு குறையும். சைக்கிளின் முன் கவை சாய்ந்திருக்கிறதே, அதே சாய்வுதான். அது குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி நேராக நிற்காமல் அலையும். பிரேக் குழாயின் நீளம் போதுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் தண்டை வீட்டில் செய்யவே கூடாதா? செய்யலாம். வெல்டிங்கே இல்லாமல் செய்யலாம். தடித்த சுவருள்ள, தையல் இல்லாத எஃகுக் குழாயை வாங்கி, செகாம்புட்டில் லேத் வைத்திருப்பவரிடம் கொடுத்து, ஒரு முனையில் வலது மரையும் மறு முனையில் இடது மரையும் உள்ளே வெட்டச் சொல்ல வேண்டும். அதில் புது பால் ஜாயிண்டை (தண்டின் முனையில் வரும் பந்து மூட்டு) முறுக்கி, பூட்டு நட் போட்டு இறுக்க வேண்டும். மரை, அதன் விட்டத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு ஆழம் உள்ளே போயிருக்க வேண்டும். பந்து மூட்டை இறுக்கும், மேலே வெட்டுப் பள்ளங்கள் உள்ள காசில் நட்டுக்கு, அது கழலாமல் இருக்கப் புது ஊசி போட வேண்டும். பழைய ஊசியை நிமிர்த்திப் போடக் கூடாது. மருமகனுக்கு இப்படித்தான் செய்து கொடுத்தோம். அதன்பிறகு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் விண்ணப்பித்து, வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் காட்டாமல் சாலையில் ஓட்டாதே என்றும் சொல்லியிருக்கிறேன். அலைச்சல்தான், மாமா என்றான். அலையட்டும்.

பட்டறையில் நான் சேர்ந்த புதிதில் மூத்த தொழிலாளர் ஒருவர் விரிசல் பார்க்கக் கற்றுக் கொடுத்தார். பாகத்தை நன்றாகக் கழுவி மண்ணெண்ணெயில் ஊறவைப்பார். எடுத்துத் துணியால் ஈரமில்லாமல் துடைப்பார். மேலே சுண்ணாம்புத் தூளைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டுவார். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சின் மேல் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு எழும். இப்போது சிவப்புச் சாயம் தெளித்துப் பார்க்கும் நல்ல முறை வந்துவிட்டது. ஆனாலும் மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் இன்றும் பொய் சொல்வதில்லை. மருமகனின் பழைய தண்டை ஒரு மாதம் முன்பு இப்படிப் பார்த்திருந்தால் அந்தக் கோடு அன்றே தெரிந்திருக்கும்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இப்படிப்பட்ட வண்டியைப் படம் எடுக்கப் போகும் தங்கள் நிருபர், தயவுசெய்து குனிந்து அடிப்பக்கத்தையும் எடுத்துப் போடட்டும். எங்களைப் போல ஓய்வு பெற்ற வெல்டர்கள், ஃபிட்டர்கள், லேத் வேலைக்காரர்கள் இந்த நகரில் நிறையப் பேர் இருக்கிறோம். பிள்ளைகளைத் திட்டி அனுப்பாமல் அருகில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. செந்தூல் பக்கம் எந்தப் பிள்ளை தண்டைக் கழற்றிக்கொண்டு வந்தாலும் நான் பார்த்துக் கொடுப்பேன், காசு வேண்டாம். முறிந்த அந்த இரண்டு துண்டுகளையும் மருமகன் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தான். வாங்கி எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வெல்டர்,
செந்தூல், கோலாலம்பூர்