ஞாயிறு காலை ரத்தப் பரிசோதனை முகாம்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 6.30 முதல் 9 மணி வரை நம் சமூகக்கூடத்தில் முழு ரத்தப் பரிசோதனை.

சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் தொடக்கத்தில் வலி காட்டாது. எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 5.7 முதல் 6.4 சதவீதம் என்றால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறோம். அப்போதே தெரிந்தால் சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்தே பலரால் தள்ளிப்போட முடியும். முப்பதைத் தொட்டவர்களும் "எனக்கெதுக்கு" என்று இருந்துவிடாதீர்கள்.

1. சனி இரவு 9 மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். தண்ணீர் குடிக்கலாம், காபி, டீ கூடாது.
2. சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் அன்றைய காலை மருந்து பற்றி உங்கள் டாக்டரிடம் முன்பே கேளுங்கள்.
3. பயோட்டின் மாத்திரை (முடி, நகத்துக்காக எடுக்கும் வைட்டமின்) சாப்பிட்டால் ரத்தம் எடுப்பவரிடம் சொல்லுங்கள். தைராய்டு முடிவு தவறாக வரலாம்.
4. பழைய ரிப்போர்ட் அவசியம்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் வீட்டு எண், ஆட்களின் எண்ணிக்கை மட்டும் இங்கே பதிவிடுங்கள். முடிவுகள் அவரவர் கையில்தான் தரப்படும், குழுவில் வராது.