இருட்டில் மணி கேட்டேன்

கீழக்கரை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்பிள்ளை,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லாருக்கும் நிம்மதி. ராத்திரி விழிப்பு வந்தால் மணி தெரியாமல் கிடக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அது மனதை விட்டுப் போகவில்லை. அதே வாரம்தான் என் மேசைக்கு ஒரு பாக்கெட் வாட்ச் ரிப்பேருக்கு வந்தது.

கொண்டுவந்தவர் வீட்டில், கொழும்பு வியாபாரத்துக்குப் போன பாட்டனார் வாங்கிவந்ததாம். டயலின் இரண்டு பக்கமும் சுத்தியலோடு இரண்டு பொம்மைகள், சுண்டுவிரல் கணு உயரம். மேல் குமிழை அழுத்தினால் கையை ஓங்கி அப்போதைய நேரத்தை மணி அடித்துச் சொல்லும். ஆனால் அந்த மணிகளில் சத்தமே கிடையாது மாப்பிள்ளை! உள்ளே மெஷினைச் சுற்றி வளைத்த எஃகுக் கம்பிகளைத்தான் நிஜச் சுத்தியல்கள் தட்டுகின்றன. பாரிஸில் பிரெகே என்ற கடிகாரக்காரர் 1783 வாக்கில் கொண்டுவந்த ஏற்பாடு அது. அதற்கு முன் கூட்டுக்குள்ளேயே கிண்ண மணி இருக்கும், வாட்சும் தடியாக இருக்கும்.

எத்தனை அடி என்பதை எண்ணித் தருவது நத்தை ஓடு போல 12 படி வெட்டிய ஒரு தகடு. குமிழை அழுத்தும்போது ஒரு நெம்புகோல் அந்தப் படியில் போய் முட்டும். படி எவ்வளவு ஆழமோ அத்தனை அடி. கால் மணிக்கு 4 படியில் தனித் தகடு. அரைகுறையாக அழுத்தினால் கணக்கு குறையும். அந்த வீட்டுப் பிள்ளைகள் அப்படி அழுத்திவிட்டு ரிப்பேர் என்று நினைத்திருக்கிறார்கள். உண்மையான கோளாறு நம் உப்புக்காற்று: கம்பியின் அடியில் துரு. அதை வளைத்துவிட்டால் சுருதி போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் துடைத்தேன்.

1687ல் லண்டனில் இந்த வகை வாட்சுக்கு உரிமை கேட்டு இருவர் மோதினார்கள். ராஜா இரண்டாம் ஜேம்ஸ் இரண்டையும் பார்த்துவிட்டு டேனியல் குவேர் செய்ததையே தேர்ந்தெடுத்தார். ஒரே அழுத்தலில் மணியும் கால் மணியும் சொன்னதுதான் காரணம். இருட்டில் தடவுகிறவனுக்கு அதுதானே வேண்டும்?

நேற்று ராத்திரி கரண்ட் போனது. தலைமாட்டிலிருந்து எடுத்து அழுத்தினேன். ஒற்றை அடி இரண்டு. அப்புறம் டிங்-டாங் என்று இரட்டை அடி மூன்று. இரண்டே முக்கால். கண்ணே திறக்கவில்லை நான்.

மாதக் கடைசிவரை வாட்ச் இங்கேதான் இருக்கும். விழித்துக் கிடந்தால் எந்த நேரமானாலும் போன் போடு. பக்கத்தில் வைத்து அழுத்துகிறேன், நீ எண்ணிக்கொள்.

அன்புடன்,
உன் மச்சான்